குத்துக்காலிட்டவள்

சிலைக்கு இன்னும் தலைமுடி வைக்கவில்லை. அதற்குள் பார்க்க வந்துவிட்டார் ஆஸ்பத்திரித் தலைவர். சிற்பி வாடகைக்கு எடுத்திருந்த கார் கொட்டகைக்குள், மூக்கைப் பொத்திக்கொண்டு ஈரக் களிமண் சிலையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

துப்புரவுப் பெண்களுக்காக ஆஸ்பத்திரி வாசலில் வைக்கப்போகும் சிலை அது. குத்துக்காலிட்டு, குதிகால் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்து, துணியால் தரையைத் துடைக்கிறாள் ஒருத்தி. இந்த வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த புதிதில் சிற்பியும் அதே ஆஸ்பத்திரியில் இப்படித்தான் துடைத்தாள். நீளக்கழித் துடைப்பம் கட்டிலுக்கு அடியில் மூலைவரை போகாது.

"எழுந்து நிக்கிற மாதிரி மாத்தணுமாம். இப்படி உக்காந்தா கேவலமா இருக்காம்," என்று தலைவர் பேச்சை மொழிபெயர்த்தான் சிற்பியின் கணவன். வந்த நாள் முதல் அவளுக்கும் அந்த ஊர் மொழிக்கும் நடுவே அவன்தான் பாலம்.

"முட்டிக்குள்ள கம்பிய வளைச்சு வெல்டிங் வச்சிருக்கு. நிக்க வைக்கணும்னா காலை ஒடைக்கணும். முடியாதுன்னு சொல்லுங்க."

சொன்னான். அந்த ஊர் மொழியில் முடியாது என்பது ஒரே சொல். அவன் பேசியதோ மூச்சு வாங்க மூன்று வரி. தலைவரின் முகம் மலர்ந்தது.

"என்னங்க சொன்னீங்க?"

"மாத்திடலாம்னு... தேடி வந்த சீதேவிய எட்டி உதைக்காதடி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சிலைக்குப் பக்கத்தில் அதேபோல் உட்கார்ந்தாள். தலைவரையும் உட்காரும்படி சைகை காட்டினாள். இதென்ன பிரமாதம் என்று அவரும் கால்சட்டையை ஏற்றிவிட்டுக் குனிந்தார். குதிகால் தரைக்கு வரமாட்டேன் என்றது. பூசணிக்காய் போல உருளப்போனவர் சிலையின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஐந்து விரலும் களிமண்ணில் அமுங்கின. அவள் அசையவில்லை. சிலையும் அசையவில்லை.

கணவன் அவரைத் தூக்கி நிறுத்தினான். அந்த ஒற்றைச் சொல்லை அவளே தலைவரிடம் சொன்னாள். அவர் சிவந்துபோய் ஏதோ கத்தினார்.

"அப்படின்னா ஆஸ்பத்திரி வாசல்ல இடமில்லையாம்."

"வாசல் அவரோடது. கால் இவளோடது. ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்ல இருக்கிற சலூன்காரரைக் கேட்டா தன் கடை வாசல்ல வச்சுக்குவார். இதை அப்படியே சொல்லுங்க. இழுக்காதீங்க."

கணவன் தலைவர் பக்கம் திரும்பினான். அப்படியே சொன்னான்.

கார் போன சத்தம் அடங்கியதும், ஈரத் துணியோடு சிலையின் தோள் பக்கம் வந்தான். "இந்த விரல் தடத்தை அழிச்சிடவா?"

"தொடாதீங்க. விழ இருந்தவரைத் தாங்கினது இவதானே? இருக்கட்டும்," என்றவள், தலைமுடிக்குக் களிமண்ணை உருட்ட ஆரம்பித்தாள்.