பால்பவுடர் டப்பாவில் ஒரு கோடு

நான்கு நாளாகக் குழந்தை முக்கிக்கொண்டிருந்தாள். முகம் செக்கச்செவேலென்று ஆகும், கால்கள் வயிற்றோடு மடங்கும், அப்புறம் வீறிட்டு ஓர் அழுகை. கடைசியில் டயப்பரில் கிடப்பது ஆட்டுப்புழுக்கை மாதிரி இரண்டு உருண்டைதான். ஏழாவது மாதம். மசித்த உணவு கொடுக்கத் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

தாய் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அவள் வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார், கணவனின் அக்கா. சந்தேகம் நேராக அங்கேதான் போயிற்று.

"அண்ணி, மத்தியானம் என்ன குடுத்தீங்க?"

"நீ மசிச்சு வெச்சுட்டுப் போன பூசணிக்காய்தான்."

"வேற எதுவும் இல்லையே?"

"வேற என்னத்தக் குடுக்கப் போறேன்?"

பதில் வெடுக்கென்று வந்தது. ஏன் இத்தனை கோபம்? நாத்தனார் குளிக்கப் போனதும் தாய் குப்பைக்கூடையைக் கிளறினாள். ஒரு வாழைப்பழத் தோல். தின்றது யார்? கேட்க வாய் வரவில்லை. பாலும் கண்டபடி கொடுக்கிறாளோ? பால்பவுடர் டப்பாவை எடுத்து, உட்புறத்தில் மாவு நிற்கும் உயரத்தில் பேனாவால் மெல்லிய கோடு போட்டு வைத்தாள்.

மூன்றே நாளில் மாவு கோட்டுக்குக் கீழே சரசரவென்று இறங்கியிருந்தது. டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்கினால் அவ்வளவு குறையவே கூடாது. திருடி மாட்டிக்கொண்டாள் என்று மனம் துள்ளியது.

சனிக்கிழமை எல்லோரையும் கிளப்பிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் முன்னால் நாத்தனார் மழுப்ப முடியாதல்லவா?

நர்ஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "ரத்தம், வாந்தி ஏதாவது?"

"இல்ல."

"வெறுமனே முக்குறதுக்கெல்லாம் பயப்பட வேணாம். இப்படிக் கெட்டியா உருண்டையா வந்தாத்தான் மலச்சிக்கல். பால் எப்படிக் கலக்குறீங்க?"

"டப்பாவுல போட்டிருக்கிற அளவுதான்," என்றாள் தாய்.

"யார் கலக்கினாலுமா?"

தாய் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் தொண்டையைச் செருமினான்.

"காலைலயும் சாயங்காலமும் நான்தான் கலக்குவேன். ரெண்டு கரண்டி கூடப் போடுவேன். பாப்பா ஒல்லியா இருக்காளேன்னு..."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "கூடப் போட்டா எடை ஏறாது சார், குடல்தான் காயும். அளவ மாத்தாதீங்க. சாப்பாட்டோட ரெண்டு மூணு வாய் தண்ணி குடுங்க. பேரிக்காய வேகவெச்சு மசிச்சுக் குடுங்க. வெதுவெதுப்பான தண்ணில குளிப்பாட்டி, காலை சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டி விடுங்க. மருந்து எதுவும் நீங்களா குடுக்காதீங்க. ரத்தம் வந்தாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னாள்: "டப்பாவுல கோட்டப் பாத்தேன். எனக்குத்தான்னு புரிஞ்சுது."

தாய்க்குக் காது சுட்டது. "தப்புதான் அண்ணி."

"விடு. நானும் உன்மேல சந்தேகப்பட்டுட்டுதான் இருந்தேன். வேலைக்கு ஓடுற அவசரத்துல வாழைப்பழத்த வாயில திணிச்சுட்டுப் போறியோன்னு."

"அப்போ அந்தத் தோல்?"

"நான் தின்னது. எனக்குப் பசிக்கக் கூடாதா?"

இருவரும் நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள். கணவன் குழந்தையோடு நாலடி தள்ளியே நடந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. "இளகி வந்துடுச்சு. அழவே இல்ல. தூங்குறா," என்றாள் நாத்தனார். தாய் "சரிங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.