படத்துக்கு நின்ற அலை

திருவாரூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் சுடர்விழி சொன்னால் கடல் நிற்கும். எல்லாக் கடலும் எப்போதும் நிற்பதில்லை. வேதாரண்யத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் வரும் கடற்கரையில், மே மாதத்தில், அவள் தன் குடும்பத்தைப் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் நிற்கும். முதலில் நின்றது 2014இல். உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது, மேட்டூர் அணை திறக்க நாள் இருந்தது, புளிச்சோற்று அண்டாவோடு எல்லோரும் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். குடும்பத்தைத் தண்ணீர் ஓரமாக வரிசையில் நிறுத்தி, நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன குரலில், "மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க" என்றாள். குடும்பம் அசைந்தது. பெரியண்ணன் சேரன் வேட்டியை இறுக்கினான், சின்னண்ணன் அண்ணாதுரை கொட்டாவி விட்டான். பின்னால் வந்துகொண்டிருந்த அலை மட்டும் எழுந்த மேனிக்கு அப்படியே நின்றது. படம் எடுத்து முடித்து, "மூச்சு விடலாம்" என்றாள். அலை விழுந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குரலுக்கு ஒரு தாசில்தாரே விலா எலும்பு தெரிய ஆடாமல் நின்றிருக்கிறார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் "மூச்சு விடலாம்" சொல்ல மறந்து வேனில் ஏறிவிட்டாள். அலை எழுந்தபடியே நிற்க, கடலுக்குப் போன படகுகள் கரைக்கு வர வழியில்லாமல் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு ஃபைபர் படகு வைத்திருந்த மீரா உசேன் பைக்கில் விரட்டி வந்து, தலைஞாயிறு கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பிடித்தார். "ஏம்மா, வந்த வேல முடிஞ்சா கடலத் தொறந்து விட்டுட்டுப் போவ வேணாமா?" என்று கேட்டார். சுடர்விழிக்கு வெட்கமாகப் போயிற்று. கரையில் இருந்த தம்பிக்கு அவர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொல்ல, அவள் டீக்கடை வாசலில் நின்றபடியே கடலை விட்டாள். அதிலிருந்து அவள் கிளம்பும் முன்னால் அவருக்குப் போன் செய்துவிடுவாள், அவரும் படகுகளை அதற்கேற்ப அனுப்புவார்.

கரையில் கருவாடு காய வைக்கும் நாகம்மாள் ஒருமுறை நின்ற அலையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அன்னிக்கு நீ எங்கம்மா இருந்த?" என்று கேட்டாள். சுனாமியில் அவள் புருஷனும் மகனும் போயிருந்தார்கள். சுடர்விழி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நாகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாகம்மாளும் அழுதுவிட்டு, அவளுக்கு நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

கடலால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. வந்தது ஃப்ளெக்ஸால். 2019இல் சேரன் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ் அடித்தான். கடற்கரைப் படத்தைத்தான் கொடுத்தான். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஓரத்தில் நின்ற அண்ணாதுரையை வெட்டிவிட்டார். ஆனால் சேரனின் தோளில் அவன் போட்டிருந்த கையை வெட்ட முடியவில்லை. முக்கூட்டில், டீக்கடைக்கு நேர் எதிரே, ஆளில்லாத அந்தக் கை ஒரு வாரம் சேரனின் தோளில் கிடந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் அது யார் கை என்று விசாரித்தான். சேரன் விளையாட்டாக, "யாரு கையா இருந்தா என்ன, பாரம் இல்லாம இருந்தாச் சரி" என்று சொல்லி வைத்தான். அது அண்ணாதுரையின் காதுக்குப் போய்ச் சேரும்போது விளையாட்டாக இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. கொரோனா இரண்டு வருஷம் யாரும் எங்கும் போகவில்லை. அதன் பிறகு இரண்டு வேன் வந்தது, இரண்டு அண்டா வந்தது, படமும் இரண்டாக எடுக்க வேண்டியிருந்தது. கடல் இரண்டு தடவை மூச்சுப் பிடித்தது.

இதில் மாட்டிக்கொண்டது சுடர்விழியின் மகள் செம்மொழியின் காது. தாய்மாமன் இரண்டு பேரும் இல்லாமல் காது குத்துவதில்லை என்று சுடர்விழி ஒரே பிடியாக இருந்தாள். ஒருவன் வந்தால் மற்றவன் வர மாட்டான். மூன்று வயது போயிற்று, ஐந்து போயிற்று. கூடப் படிக்கும் பிள்ளைகள் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு வர, செம்மொழி மல்லிகை மொட்டைக் காதில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சுடர்விழிக்கு அண்ணன்கள் இருவர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போன வருஷம் இரண்டு வேனும் வந்து நின்றதும், "இந்தத் தடவ ஒரே படந்தான். ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நில்லுங்க" என்றாள். சேரன் வானத்தைப் பார்த்தான். அண்ணாதுரை செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டினான். சுடர்விழி கடலைப் பார்த்துத் திரும்பி, "மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க" என்றாள். அலை எழுந்தது, தென்னை உயரத்துக்கு எழுந்து நின்றது. அவள் போனைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க ஒண்ணா நிக்கிற வரைக்கும் இது எறங்காது."

மே மாதக் காலை வெயிலில் அலையின் நிழல் நன்றாக இருந்தது. ஓரகத்திகளான அண்ணிகள் இருவருக்கும் தங்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது, ஜமுக்காளத்தைச் சேர்த்து விரித்து ஊறுகாய் மாற்றிக்கொண்டார்கள். குச்சி ஐஸ் விற்கும் ஷேக் பரீத் வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நல்ல வியாபாரம் பார்த்தார். பிள்ளைகள் அலைக்குள் விரலை விட்டு மத்தி மீன்களுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார்கள். உள்ளே ஒரு கணவாயும், யாருடையதோ ஒரு ரப்பர் செருப்பும் அந்தரத்தில் நின்றன. மீரா உசேன் நடுக்கடலிலிருந்து பெரிய அண்ணியின் போனில் கூப்பிட்டார், அவள் ஸ்பீக்கரில் வைத்தாள். "எம்மா, ஐஸ் கரையுது. மீனு என்னாவுறது?"

"எங்கண்ணன்ககிட்டக் கேளுங்கண்ணே."

அவர் கேட்டார். அவன் முதலில் வரட்டும் என்றான் சேரன். பாரம் இல்லாதவங்க முதலில் வரட்டும் என்றான் அண்ணாதுரை. வெயில் சாய்ந்தது. இவ்வளவு பெரிய கடல் சொன்னதைக் கேட்கிறது, கூடப் பிறந்தவர்கள் கேட்கவில்லையே என்று சுடர்விழிக்கு ஆற்றாமையாக வந்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். செம்மொழி மடியில் தூங்கிப்போயிருந்தாள், காதில் மொட்டு வாடிக் கிடந்தது.

மூச்சு எவ்வளவு நேரம்தான் நிற்கும்? அலையின் அடியில், கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் பீச்சியடித்தது. புத்தியுள்ள எவனும் எதிர்ப்பக்கம் ஓடியிருப்பான். ஆனால் அவர்கள் இருவரும் ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் ஆற்றங்கரையில் மண் சாக்கோடு நின்று வளர்ந்தவர்கள். "உடைப்பு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி அலையை நோக்கி ஓடினார்கள். அடைத்து வைத்துக் கடலை என்ன செய்வது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

"டேய் தொர, அடியில மண்ணப் போடு! மேல போட்டா நிக்காதுடா!"

"தெரியும்ண்ணே, நீ அந்தச் சாக்க இப்படி நவுத்து! காலால மிதி, காலால!"

ஷேக் பரீத்தின் ஐஸ் பெட்டிச் சாக்கு போயிற்று, ஜமுக்காளம் போயிற்று, அண்ணாதுரையின் சட்டையும் போயிற்று. ஓட்டை ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, இருவரும் தோளோடு தோள் முட்டி முதுகால் கடலை முட்டுக்கொடுத்துப் பார்த்து, அதுவும் சரிப்படாமல் திரும்பிக் கையாலும் நெஞ்சாலும் அணைத்தார்கள். சுடர்விழி ஜிப்பைத் திறந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. படம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "மூச்சு விடலாம்" என்றாள்.

கடல் மொத்தக் குடும்பத்தின் மேலும் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரிய அண்ணியின் முந்தானையில் இரண்டு கிலோ மத்தி தேறும். நுரைக்குள்ளிருந்து சேரன் எழுந்து, உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "அடிபட்டுச்சாடா?" என்றான்.

"இல்லண்ணே. ஒனக்கு?"

பேசுவதில்லை என்பது அதற்குப் பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. அதற்குள் பேசியாகிவிட்டது.

ஆவணியில் செம்மொழிக்குக் காது குத்தினார்கள். வலது காது சேரன் மடியில், இடது காது அண்ணாதுரை மடியில். ஃப்ளெக்ஸில் அந்தப் படத்தைத்தான் போட்டார்கள். தாய்மாமன்கள் முகம் எங்கே, வெறும் முதுகுதானே தெரிகிறது என்று கேட்டவர்களுக்கு, அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பது கடல் என்று விளக்கம் சொல்லப்பட்டது.

இந்த மே மாதம் ஒரே வேன் போயிற்று. அது சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்து நின்றதுமே, யாரும் சொல்லாமல் அலை எழுந்து ஆடாமல் நின்றது. வேனுக்குள் அண்டாவை யார் இறக்குவது என்று சேரனும் அண்ணாதுரையும் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜிமிக்கி ஆட ஆடச் செம்மொழி ஒருத்திதான் குதித்து இறங்கியிருந்தாள். சுடர்விழி கதவோரத்திலிருந்து தலையை நீட்டி, "இன்னும் ஆளுங்க எறங்கவே இல்லங்க. செத்த நேரம் போயிட்டு வாங்க" என்றாள். அலை திரும்பிப் போனது. அந்த இடைவெளியில் மீரா உசேனின் படகுகள் இரண்டும் கரையேறின.