அம்மாவுக்கு எஞ்சின் காட்டிய நாள்

பெரியவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ராக்கெட் எஞ்சினைப் பற்றி ஆரம்பித்தாள் என்றால், பக்கத்தில் இருப்பவர் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். எஞ்சின்களை எரித்துப் பார்க்கும் சோதனைத் தளத்தில் பத்து வருடமாக வேலை. அந்தப் பெருமை இருக்கத்தானே செய்யும்.

ஆனால் ஒரு மாதமாக அந்த வாய் அம்மாவிடம் பலிக்கவில்லை. தங்கை விண்வெளிக்குப் போகத் தேர்வாகியிருந்தாள். அக்கா சோதித்த எஞ்சின்கள்தான் அவளைத் தூக்கிப் போகப் போகின்றன. பயிற்சியெல்லாம் முடித்த பிறகு, "அம்மா மனசார சரின்னு சொன்னாத்தான் ஏறுவேன்" என்று குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள் அந்த மகராசி. அம்மாவோ பிடி கொடுப்பதாக இல்லை. முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். அவளை அசைப்பது லேசுப்பட்ட காரியமா?

"ஒரு எஞ்சின் இருநூறு டன் தூக்கும்மா. அது மாதிரி ஒன்பது."

"தூக்கட்டும்."

"உன் பஸ் பதினஞ்சைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரே எஞ்சின் தூக்கிடும்."

"பஸ்ஸை எதுக்குடி தூக்கணும்?"

பேசிப் பயனில்லை, கண்ணால் பார்த்தால் மனம் மாறும் என்று பெரியவள் கணக்குப் போட்டாள். குடும்பத்தாரை அனுமதிக்கும் ஒரு காலைப்பொழுதில் அம்மாவைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார வைத்தாள். அன்று எஞ்சின் மூன்று நிமிடம் விடாமல் எரியவேண்டும்.

நேரம் குறைந்து குறைந்து பூஜ்யத்துக்கு வந்தது. திரையில் வெள்ளைத் தீ பீறிட்டது. தொலைவில் இருந்தும் தரை அதிர்ந்தது. மேசையில் இருந்த பேனாக்கள் உருண்டன. அம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். பெரியவள் திரையைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. இரண்டே விநாடி. திரையில் ஆவி மட்டும் சோம்பலாகக் கலைந்துகொண்டிருந்தது. அறையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பெரியவள் கப்பல் கவிழ்ந்ததுபோல் கன்னத்தில் கை வைத்துவிட்டாள். தங்கையின் இத்தனை வருட உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"யாருடி நிறுத்தினது?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லம்மா. அதுவா நின்னுடுச்சு. ஒரு பம்புல சூடு கொஞ்சம் கூடிடுச்சு."

"எஞ்சின் போச்சா?"

"ஒண்ணும் ஆகல. பம்பைச் சரிபார்த்துட்டு மறுபடி ஓட்டுவோம்."

அம்மா நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். "சின்னவ ஏறி உட்கார்ந்திருக்கும்போதும் இப்படி நிக்குமா?"

"நிக்கும். ஒன்பதும் சரியா எரிஞ்சாத்தான், ராக்கெட்டைக் கீழே பிடிச்சிருக்கிற கொக்கியே விடும்."

"விட்டப்புறம்?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எஞ்சின் விஷயத்தில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"ஒண்ணு நின்னா மிச்ச எட்டு சேர்ந்து கொண்டுபோகும். அதுக்கும் மேல கெட்டா, அவ இருக்கிற கூண்டு மட்டும் தனியாப் பிரிஞ்சு வந்துடும். ஆனா நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அம்மா சிரித்தாள். அறையே திரும்பிப் பார்க்கும்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பதினஞ்சு பஸ்ஸு, இருநூறு டன்னுன்னு ஒரு மாசமா என் உயிரை வாங்கினியே, இதை ஏண்டி சொல்லல? ஓடறதுக்கு எந்த வண்டியும் ஓடும். நிக்கத் தெரியணும். நூத்துக்கு நூறுன்னு சொல்ற மெக்கானிக்கை நம்பி நான் ஒரு நாளும் வண்டி எடுத்ததில்ல."

வெளியே வந்ததும் பெரியவள் தங்கைக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு எஞ்சின்?" என்று சின்னவளின் குரல் பயந்து பயந்து கேட்டது.

"நடுவுல நின்னுடுச்சுடி" என்றாள் அம்மா. "ரொம்ப நல்ல எஞ்சின். நீ தைரியமா ஏறு."