களைப் பெயரில் பன்னிரண்டு தொட்டிகள்

தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது மகளுக்கு. அப்பாவை உள்ளறைக் கட்டிலிலிருந்து முன்னறைப் பெஞ்சுக்குத் தூக்கி வந்தபோது தலைப்பக்கம் பிடித்தவள் அவள்தான். விடிந்தும் விடியாமலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

தாவரவியல் பூங்காவின் நாற்றுக்கூடத்தில் அவருக்கு இருபத்தெட்டு வருட வேலை. மலையில் அற்றுப்போகிற செடிகளுக்கு விதை பொறுக்கி வந்து கன்று வளர்ப்பது. கடைசி மூன்று வாரம் அதுவும் இல்லை. கணக்கெடுப்பில் அரிய புதர்ச்செடி பன்னிரண்டு தொட்டி குறைந்தது. திருட்டு என்று எழுதி, பூங்கா அதிகாரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அப்பா மறுக்கவே இல்லை. எடுக்காத மனுஷன் ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்? அவருக்குத் தெரியாமல் கட்டிலடி, பரண், கொல்லை எல்லாம் துழாவிப் பார்த்திருந்தாள்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். அப்பாவின் முகத்தை அரை நிமிஷம் பார்த்தார். அதற்குள் கண் கொல்லைக் கதவுக்குப் போய்விட்டது.

"நல்ல மனுஷன்மா. நோட்டு கீட்டு ஏதாவது எழுதி வெச்சிருந்தாரா?"

"எதுக்கு சார்?"

"அந்தப் பன்னிரண்டு தொட்டி எங்கன்னு தெரிஞ்சா புகாரை இன்னிக்கே கிழிச்சுப் போட்டுடுவேன். அவர் பேரும் கெடாது."

"பாத்துட்டு வரேன்."

சமையலறையில் பைப்பக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். நாற்றுக்கூடத்தில் தண்ணீர் விடுகிறவள். எந்நேரமும் ரப்பர் குழாயும் கையுமாகத் திரிவதால் அந்தப் பெயர்.

"என்னடி கேக்குறான்?"

"தொட்டி எங்கேன்னு."

"அதானே! துக்கத்துக்கு வந்த மூஞ்சியா அது?" குரலைத் தணித்தாள். "தொலையவே இல்லடி. நாலாவது வரிசையில, களைச்செடிப் பேர் போட்டு நிக்குது. சீட்டு உங்கப்பா எழுதினது. தினம் நான்தான் தண்ணி விடுறேன்."

"களைன்னு ஏன்?"

"முன்னாடி ரெண்டு தடவை நிஜப் பேரோட ஆபீசுக்கு லிஸ்ட் குடுத்தாரு. ஒரே வாரத்துல தொட்டி மாயம். களைய எவன் தூக்குவான்?"

"எங்கிட்டகூடச் சொல்லலையேக்கா."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? அப்பா மானம் போகுதேன்னு நேரா இவன்கிட்டதான் ஓடுவே."

மகள் டீயோடு வெளியே வந்தாள். அதிகாரி கொல்லைப் படியில் நின்று, அங்கிருந்த பூந்தொட்டிகளை விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். அப்பா திருடன் இல்லை என்று ஆகிவிடும்.

"நோட்டு எதுவும் இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இல்லேன்னா புகார் அப்படியேதான் இருக்கும்."

"இருக்கட்டும் சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். டீயைத் தொடாமலே கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை பைப்பக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"போயிட்டான். விதை எடுத்த இடத்துலயே கன்னைத் திருப்பி வெக்கணும்பாரு உங்கப்பா. மழை விழுந்ததும் வெக்கிறதா இருந்தாரு."

"எடம் தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஏறத்தான் முட்டி ஒத்துழைக்கணும்."

அப்பாவின் சட்டையில் மேல்பொத்தான் திறந்திருந்தது. மகள் அதைப் போட்டுவிட்டாள்.

மலைக்குப் பன்னிரண்டு கன்று பாக்கி.