நாற்பத்தொன்றாம் படிவம்

உளவியல் மாணவர்களின் ஆய்விதழுக்குத் துறை ஒதுக்கிய அறையில் ஒரு காலத்தில் எலிகள் இருந்தன. எலிகளை வைத்துப் பாடம் நடத்துவது நின்று பல வருடங்கள் ஆகியும், மழை பெய்தால் அந்த வாடை சுவரிலிருந்து இறங்கி வந்தது. காலிக் கூண்டுகளை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். மீதி இடத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு இரும்பு பீரோ. வருடத்துக்கு ஓர் இதழ். கட்டுரை எழுதுவது, அதைப் படித்துக் குறை சொல்வது, திருத்துவது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் இருபது வயதுக்காரர்கள்தான்.

இதழாசிரியை மூன்றாம் வருட மாணவி. மற்றவர்களின் வாக்கியங்களில் ஓயாமல் காற்புள்ளி வைத்ததால் அவளுக்குக் கமா என்று பெயர். கணக்குகளைப் பார்த்துக்கொண்டவன் அவள் வகுப்புத் தோழன், சராசரி. பரீட்சை எப்படி என்று கேட்டால் சராசரி, சாப்பாடு எப்படி என்று கேட்டால் சராசரி, அவ்வளவுதான் அவன் பதில். “எலியெல்லாம் தப்பிச்சுப் போச்சு, நாமதான் மாட்டிக்கிட்டோம்” என்று கூண்டுகளைத் தட்டிக்கொண்டே வந்து உட்காருவான். அவன் இருக்கும் அறையில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் அவன் வரவில்லை. நான்கு நாட்களாகவே வரவில்லை. காய்ச்சல் என்று குழுவில் செய்தி போட்டிருந்தான். அதற்குக் கீழே, “அட்டவணையெல்லாம் முடிச்சாச்சு. என் பாஸ்வேர்டும் அதே ஃபைல்ல இருக்கு” என்று ஒரு வரி. எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக் கமா அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருந்தாள்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஓர் ஆய்விலிருந்து யாருடைய பதிலையாவது விலக்கினால், அந்தப் படிவத்தைக் காகிதக் கட்டிலிருந்து உருவி, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, காரணம் எழுதி, இதழாசிரியர் கையெழுத்திட்டுத் தனி உறையில் வைக்க வேண்டும். முதல் இதழிலிருந்து வந்த வழக்கம். அதுவரை கட்டுரை அச்சுக்குப் போகாது.

விலக்கியது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி ஆண்கள், பெண்கள் விடுதிகளில் எண்பது பேரிடம் எடுத்த ஆய்வு அது. உனக்கு நெருங்கிய நண்பர்கள் எத்தனை பேர், பிறகு மனநிலை பற்றிப் பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை போடலாம். மூன்று என்றால் மிக மோசம். பெயர் எழுத வேண்டாம், வரிசை எண் மட்டும். நண்பர்கள் கூடக் கூடச் சோர்வு குறையும் என்பது அந்தப் பெண்ணின் எதிர்பார்ப்பு. நாற்பத்தொன்றாம் எண் அதைக் கெடுத்தது. எண்பது பேரில் அதிக நண்பர்கள் அதற்குத்தான், பதினான்கு பேர். ஆனால் பன்னிரண்டு கேள்விக்கும் மூன்று.

மதிப்பீடு செய்ய ஆள் கிடைக்காமல் கமாவே அதைப் படித்திருந்தாள். திரையில் எண்களை மட்டும் பார்த்து அவள் எழுதிய குறிப்பு: “இத்தனை நண்பர்கள் உள்ள ஒருவர் இப்படிப் பதில் சொல்ல வாய்ப்பில்லை. கேள்விகளைப் படிக்காமல் ஒரே எண்ணை வரிசையாகப் போட்டிருக்கிறார். 41-ஐ நீக்கவும்.”

பத்து நாட்களுக்கு முன் சராசரி அந்த வரியை நீக்கிக் கணக்கைத் திரும்ப ஓட்டினான். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரிசல்ட் வந்துடுச்சு தாயே. அந்த ஒரு ஆள் இல்லன்னா எல்லாம் கச்சிதமா உக்காருது” என்றான். கமா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

இப்போது இரண்டாம் வருடப் பெண் படிவக் கட்டை அவிழ்த்து, நாற்பத்தொன்றை எடுத்து நீட்டினாள். கமா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

படிவத்தின் கடைசியில், “வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்” என்று போட்டு இரண்டு கோடு இடம் விட்டிருந்தது. அங்கே பொடி எழுத்தில் ஒரு வரி. ‘எல்லாக் கேள்வியையும் படித்துத்தான் போட்டேன்.’

“இது என்ன?”

“எது அக்கா?”

“இந்த வரி. கம்ப்யூட்டர்ல ஏத்தவே இல்லையே?”

“அது கேள்வி இல்லையே அக்கா. அதுக்கு நம்பர் கிடையாது. நம்பரை மட்டும்தான் ஏத்தினேன்.”

கமா படிவத்தின் தலைப்பக்கம் பார்த்தாள். நண்பர்கள்: 14. அந்த 4, தலை மூடாமல், கவிழ்த்து வைத்த நாற்காலிபோல இருந்தது. அந்த நாற்காலியை அவள் மூன்று வருடங்களாகத் திருத்துதாள்களின் ஓரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “இது நாலுன்னே தெரியாம தப்பா அச்சடிச்சுடப் போறாங்கடா” என்று நூறு முறையாவது சண்டை பிடித்திருக்கிறாள்.

பேனா மேசையில் உருண்டது.

“அக்கா? யாருன்னு தெரியுமா?” பெண்ணின் குரல் இறங்கியது. “தேடக் கூடாதுக்கா. யாருன்னு கண்டுபிடிக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்துத்தானே வாங்கினோம்?”

“உன்கிட்ட அவன் ஏதாவது கொடுத்தானா? சராசரி?”

“அண்ணனா? போன வாரம் அவரோட கால்குலேட்டரைக் கொடுத்தாரு. இனிமே தேவைப்படாதுன்னாரு. ஏன்க்கா?”

எச்சரிக்கை அறிகுறிகள் எவை என்ற கேள்விக்குக் கமா போன வருடம் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாள். தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது அவள் எழுதிய பட்டியலில் மூன்றாவது.

படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

ஆண்கள் விடுதி வாசலில் காவலாளி எழுந்து நின்றார். “பொண்ணுங்க மேல போகக் கூடாதும்மா. ரூல்ஸு.”

“ஐயா, மூணாவது மாடி, கடைசி ரூம். உடம்பு சரியில்ல.”

“நம்ம சிரிச்ச மூஞ்சித் தம்பியா? நேத்துத்தான் எனக்கு ரேடியோ கொடுத்துச்சு. வேணாம் தம்பின்னேன். கையில திணிச்சுட்டுப் போயிடுச்சு.” சொல்லி முடிப்பதற்குள் அவர் முகமும் மாறியது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படியேறினார்.

தட்டினார்கள். உள்ளே சத்தமில்லை. காவலாளி சாவியைத் தேடும்போது தாழ்ப்பாள் விலகியது.

சவரம் செய்யாத முகம். மற்றபடி அவன்தான். அவனுக்குப் பின்னால் அறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சுவரில் ஒன்றுமில்லை. மேசைமேல் புத்தகங்கள் கட்டுக் கட்டாக, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அகராதியின் மேல் ‘கமா’ என்று இருந்தது.

“அடடே, ஆசிரியரம்மா. ஆம்பளைங்க விடுதிக்கெல்லாம் வந்துட்டீங்க” என்றான். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையிலிருந்ததை அவன் பார்த்துவிட்டான்.

சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். விடைத்தாளில் அது ஒரு வரி.

“செத்துடலாம்னு இருக்கியா?”

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். கதவருகே நின்ற காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“ஏன்டா சொல்லல? தினமும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?”

“சொன்னேனே. பன்னெண்டு கேள்விக்கும் சொன்னேன்.” கோபமில்லாமல், கணக்கு விளக்கும் குரலில் பேசினான். “யாராவது பாத்துட்டு வந்து கேப்பாங்கன்னு நினைச்சேன். நீதான் பாத்த. நீக்கவும்னு எழுதின.”

“நீன்னு தெரியாதுடா.”

“தெரியாது, சரி. நானேதான் நீக்கினேன். இருந்தா எப்படி வருது, இல்லன்னா எப்படி வருதுன்னு ரெண்டு தடவையும் ஓட்டிப் பாத்தேன். நான் இருந்தா ரிசல்ட் வரல கமா. எடுத்துட்டா எல்லாருக்கும் சரியா வருது. அவ்வளவு சுத்தமா யாரும் எனக்குச் சொன்னதில்ல.”

அவள் படித்த ஆறுதல் சொற்கள் எல்லாம் அவனும் படித்தவைதான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கைப்பேசியை வாங்கி, அவன் அக்காவை அழைத்தாள். உண்மையை மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் எதுவோ கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டது. “அவன் கையை விடாதம்மா, நான் வந்துடறேன், விட்டுடாத” என்றாள் அக்கா.

நான்கு மணி நேரம் விடவில்லை. காவலாளி தேநீர் கொண்டுவந்தார். யாரும் குடிக்கவில்லை. ஒருமுறை மட்டும் அவன், “உன் கை வேர்க்குது” என்றான். “பரவாயில்ல” என்றாள். அக்கா வந்ததும் மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அவனை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். குடும்பத்தாருக்கு மட்டுமே அனுமதி.

மறுநாள் கமா நாற்பத்தொன்றைக் கோடில்லாமல் நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் வைத்தாள். விலக்கிய வரியைத் திரும்பச் சேர்த்துக் கணக்கை ஓட்டினாள். ரிசல்ட் வரவில்லை.

“வரலன்னே எழுதிப் போடலாம்” என்றாள் இரண்டாம் வருடப் பெண்ணிடம்.

“எனக்கு இந்தக் கட்டுரையே வேணாம்க்கா” என்று அவள் அழுதாள். “அந்தக் கடைசி வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன். படிச்சுட்டு அடுத்த ஃபார்மை எடுத்தேன்.”

கமா அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அந்த வருட இதழ் மூன்று கட்டுரைகளோடு மெலிந்து வந்தது. அந்தப் பெண் அதன் பிறகு எலி அறைக்கு வரவில்லை.

பதினெட்டாம் நாள் அவன் அக்கா அழைத்தாள்.

“இன்னைக்கும் ஆஸ்பத்திரில ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்கம்மா. எல்லாத்துக்கும் மூணுதான் போட்டிருக்கான். டாக்டரம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா ஏன் மூணுன்னு கேட்டாங்க. ஒரு மணி நேரம் ஆச்சு. பேசினான்.”

“சாப்பிடறானாக்கா?”

“பாதி சாப்பிடறான், பாதி வெச்சுடறான். இன்னும் பயமாத்தான் இருக்கு. ராத்திரி நான் தூங்கறதே இல்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. நாப்பத்தொண்ணைத் திரும்பச் சேத்துட்டாளா, ரிசல்ட் போச்சான்னு கேளுன்னான். என்னன்னு சொல்லட்டும்?”

கமா காலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போச்சுன்னு சொல்லுங்க அக்கா. மொத்தமா போச்சு. அவன் கணக்குக்குள்ளதான் இருக்கான்னு சொல்லுங்க.”