சக்கரவர்த்தியை நேராக வைத்தவர்

ஆவுடைநாயகம் பிள்ளைக்கு அந்த லாந்தர் வந்த நாளிலிருந்தே வயிற்றெரிச்சல். லாந்தர் என்ன செய்தது பாவம், கோபமெல்லாம் அதைப் பூட்டி வைத்தவர் மேல்.

வண்ணாரப்பேட்டை ஆற்றங்கரையில் புதிதாக முளைத்திருந்த ஒரு காலேஜில் அவர் பௌதிக ஆசிரியர். கண்ணாடிப் படத்தைச் செருகி உள்ளே விளக்கேற்றினால் ஆள் உயரத்துக்குத் துணியில் காட்டும் லாந்தரைக் காரியதரிசி குற்றாலலிங்கம் பிள்ளை சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். ஆசிரியர்கள் எல்லோரும் அதை வைத்துப் பாடம் நடத்தப் பழக வேண்டும் என்று உத்தரவு. பழக்கிவிடப் பட்டணத்திலிருந்து ஒரு நிபுணரும் வந்தார். எப்போது? சரஸ்வதி பூஜையன்று. லீவு நாளென்றால் வகுப்பு கெடாதாம்.

அன்று லாந்தருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டுப் புத்தகங்களோடு பூஜையில் ஏற்றியாயிற்று. பூஜையில் இருப்பதை யார் தொடுவது? சாக்குக்கட்டிகூடப் பூஜையில்தான். நிபுணர் வெறுங்கையை ஆட்டி ஆட்டி, இங்கே விளக்கு, இங்கே குவிகண்ணாடி என்று காற்றில் காட்டினார். படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் துணியில் நேராக விழும் என்று அவர் சொன்னபோது பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். மறுநாள் பூஜை கலைவதற்குள் அவர் ரயிலேறிவிட்டார். லாந்தர் அலமாரிக்குள் போயிற்று. சாவி காரியதரிசியின் இடுப்புக்குப் போயிற்று.

"ஒரு தடவை தொட்டுப் பாக்கக் குடுங்க அண்ணாச்சி" என்று ஆவுடைநாயகம் நடையாய் நடந்தார்.

"உடைஞ்சா நீரா வே வாங்கித் தருவேரு" என்பதுதான் பதில்.

டெல்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டும் தர்பார், அதற்காகக் காலேஜிலும் கொண்டாட்டம் வந்தது. கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் துரை வருகிறார், அவர் முன்னால் ஆவுடைநாயகம் லாந்தர் பாடம் நடத்த வேண்டும். முதல் படம் சக்கரவர்த்தி. அந்த வருஷம்தான் மணியாச்சியில் கலெக்டர் துரையைச் சுட்டிருந்தார்கள். ஜில்லாவில் யார் தும்மினாலும் போலீஸ் எட்டிப் பார்க்கிற காலம்.

குவிகண்ணாடியில் காய்ந்து கிடந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு, ஆவுடைநாயகம் படத்தைச் செருகினார். குற்றாலலிங்கம் பிள்ளை அதைப் பார்த்துவிட்டார்.

"என்னவே இது, சக்கரவர்த்தியைத் தலைகீழா வச்சிருக்கேரு."

"அப்படி வச்சாத்தான் துணியில நேரா விழும். அன்னைக்கு வந்தவரு சொன்னாருல்லா."

"மத்த படத்தை எப்படியும் வையும். ராஜாவைத் தலைகீழா நிறுத்துததுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மணியாச்சிக்கு அப்புறமும் உமக்குப் புத்தி வரலியே."

அவரே படத்தை உருவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராகச் செருகினார். சக ஆசிரியர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஆவுடைநாயகம் மறுபடி கையை நீட்டுவதற்குள் துரை உள்ளே வந்துவிட்டார், கதவுகளைச் சாத்திவிட்டார்கள்.

துணியில் சக்கரவர்த்தியின் கிரீடம் கீழேயும் பூட்ஸ் கால் மேலேயும் விழுந்தன.

பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். யார் வைத்த படம் என்று துரை இங்கிலீஷில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"ஆவுடைநாயகம் பிள்ளை" என்றார் காரியதரிசி.

ஆவுடைநாயகம் சக ஆசிரியர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேலை போவதோடு முடியாது, ராஜத்துரோகம் என்று ஜெயிலுக்கே அனுப்பிவிடுவார்கள். அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. படத்தை உருவிக் குற்றாலலிங்கம் பிள்ளையின் கையில் திணித்தார்.

"நீங்களே வச்சுக் காட்டுங்க. நேரா வையுங்க."

துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியுமா? வைத்தார். சக்கரவர்த்தி மறுபடி தலைகீழாக விழுந்தார்.

"இப்பம் தலைகீழா வையுங்க."

காரியதரிசி மறுபடி படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்பிச் செருகினார். சக்கரவர்த்தி நிமிர்ந்து நின்றார். துரை தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆசிரியர்கள் முந்திக்கொண்டு கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலைத்தான் ஆவுடைநாயகத்தால் பொறுக்க முடியவில்லை. படப்பெட்டியைத் தூக்கி அவர்கள் முன்னால் பொத்தென்று வைத்தார்.

"தட்டினது போதும். அந்தக் கையால ஆளுக்கொரு படத்தை எடுங்க. பயிற்சி இன்னைக்குத்தான் ஆரம்பம்."

பிறகு காரியதரிசியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க அண்ணாச்சி."

துரை திரும்பிப் பார்த்தார். குற்றாலலிங்கம் பிள்ளை மெல்ல இடுப்பைத் தடவ ஆரம்பித்தார்.