நான்கு மோட்டாரும் ஓடட்டும்

ஊருக்குப் புதிதாகப் போட்ட ஆயிரத்து நூறு அடி போர்வெல். ஐந்து மணி நேரமாகப் பம்பு இறைத்தும் தண்ணீர் மட்டம் அசையவில்லை. நிலத்தடி நீர் ஆய்வாளராகப் பென்னாகரம் பக்கத்துப் பாறையோடு பதினைந்து வருடமாக மல்லுக்கட்டுகிறேன். அது இவ்வளவு தாராளம் காட்டாது. நான் கையெழுத்துப் போட்டால் ஊருக்குக் குடிநீர்த் தொட்டி வரும். தப்பாகப் போட்டால் சித்திரையில் குழாயில் காற்றுதான் வரும். அப்புறம் இன்னொரு போர் போட ஒருவரும் வரமாட்டார்கள்.

ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்கு உறைக்கவில்லை. டீ குடிக்கத் தள்ளிப் போனபோதுதான் கவனித்தேன். சுற்றிலும் நான்கு தோட்டம், நான்கு போர்; எல்லாம் இதே பாறைத் தண்ணீரை இழுப்பவை. த்ரீ பேஸ் கரண்ட் வந்து வெகுநேரமாகியும் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. தக்காளிப் பாத்தி காய்ந்து கிடந்தது.

வார்டு உறுப்பினர் குள்ளம்மாளைக் கேட்டேன். பெருமையாகவே சொன்னார்: ஊர் போர் பாஸாகணும் என்று முந்தாநாளே நான்கு வீட்டிலும் சொல்லி மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறாராம். பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடம் யாராவது வேலை வாங்குவார்களா என்றார். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான் எனக்கு.

"நாலு மோட்டாரும் ஓடணுங்க. அதுக்கப்புறம்தான் என் கையெழுத்து."

அவர் முகம் சுண்டிப்போனது. இந்தத் தோட்டங்களிலிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் குடம் சுமக்கிறவர்களில் அவரும் ஒருவர். வந்து வாய்த்தீர்களே என்று என்னைத் திட்டித் தீர்த்தார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான்கு மோட்டாரும் ஓட, மறுபடி இறைத்தோம். மூன்றாவது மணியில் மட்டம் பம்பு வரைக்கும் இறங்கிவிட்டது. குழாய் சேற்றைத் துப்பியது. குள்ளம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்க நிறுத்துனா தண்ணி இருக்குதுங்களா, வெண்மதி மேடம்?"

இருக்கிறது, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் பத்தாது, கோடை முழுக்க நிறுத்த வேண்டும் என்றேன். தக்காளி போய்விடும் என்பதையும் மறைக்கவில்லை. அது அவருடைய ஒன்றரை ஏக்கர்.

அவர் தன் மோட்டார் அறைக்குப் போனார். சத்தம் நின்றது. திரும்பி வந்து, பிடுங்கிய மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் என் காகிதத்தின் மேல் வைத்தார்.

"கோடைக்கு நாலு மோட்டாரும் நிக்கும்னு எழுதுங்க. என் பேரை முதல்ல போடுங்க. மீதி மூணு வூட்டுக்கும் நானே போறனுங்க."

எழுதினேன். கீழே மூன்று பேருக்கு இடம் விட்டேன். அவர் அதற்குள் அந்த மூவரில் ஒருவரான மரிய ஆனந்தின் தோட்டத்து வரப்பில் ஏறிவிட்டார்.